எங்கே என்பதற்கு முன் எப்போது?

பயணப் பக்கம்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களே அதிகம். விஷயம் ஒன்றுதான். பல வருடம் காத்திருந்து காசும் சேர்ந்துவிட்டது, லீவும் கிடைத்துவிட்டது, இனி எந்த நாட்டுக்குப் போவது? நாட்டின் பெயரிலிருந்து தொடங்குகிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். எந்த மாதம் உங்கள் கைக்கு வருகிறது, அந்த மாதத்தில் அங்கே மழையா வெயிலா, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே எத்தனை நாள் தருவார்கள் என்ற வரிசையில் பாருங்கள். பத்து நாடு இரண்டாகக் குறைந்துவிடும்.

நிலாவெளியில் ஐந்து அறை கொண்ட விடுதி நடத்துகிறோம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரமில்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை கடல் கொந்தளிப்பு, ஆளே வராது. இந்த மாரிக்கு விடுதியைப் பூட்டிவிட்டு நானும் மனைவியும் இரண்டு மாதம் வெளியே போகிறோம். பாலி, வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். கடற்கரையும் வேண்டும், கோயிலும் வேண்டும்.
– விடுதி உரிமையாளர், நிலாவெளி

உங்கள் விடுதியைப் பூட்டவைக்கிற அதே வாடைதான் அங்கேயும் வீசுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று நம்மிடம் வருகிற அதே காலத்தில்தான் தென்கிழக்காசியாவின் பெரும்பகுதியிலும் வீசுகிறது. ஆகவே ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள்: அந்த மாதங்களில் கிழக்கைப் பார்த்த கரை நனையும், மேற்கைப் பார்த்த கரை காயும். தாய்லாந்தில் கோ சமுய் தீவுக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை. அதே நாட்டின் மேற்குக் கரையில் உள்ள புக்கெட்டும் கிராபியும் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து தெளிந்துவிடும். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹென்தியான், ரெடாங் பக்கம் விடுதிகள் உங்களைப் போலவே பூட்டிக் கிடக்கும். மேற்கே லங்காவிக்கு டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை நல்ல காலம். வியட்நாமில் நடுப்பகுதி, அதாவது ஹூவே, டானாங், ஹோய் ஆன், ஒக்டோபர்–நவம்பரில் வெள்ளத்தில் நிற்கும், டிசம்பரிலும் மழை விடாது. தெற்கே ஹோ சி மின் நகரும் மீகொங் ஆற்றுப் பக்கமும் டிசம்பரிலிருந்து காய்ந்திருக்கும். வடக்கே ஹனோயில் குளிர், ஸ்வெட்டர் வேண்டும். பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அதன் கதை வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே அதன் சொந்த மழைக்காலம். பாலியை இந்த முறை விட்டுவிடுங்கள்.

எங்கள் தெரிவு: தாய்லாந்து 22 நாள், தெற்கு வியட்நாம் 18, மலேசியா 16, சிங்கப்பூர் 4. மொத்தம் 60. இந்த ஒழுங்குக்குக் காரணமிருக்கிறது. டிசம்பர் 20க்கும் ஜனவரி 5க்கும் இடையில் புக்கெட், கிராபி அறை வாடகை எங்கே ஏறும் என்று விடுதி நடத்துகிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நவம்பர் கடைசியில் பாங்கொக்கில் இறங்கி, டிசம்பர் 20க்கு முன் தாய்லாந்தை முடித்துவிடுங்கள். வியட்நாமின் பெரிய நெருக்கடி அவர்களுடைய சந்திரப் புத்தாண்டுக்குத்தான். அது ஜனவரி கடைசியிலோ பெப்ரவரியிலோ வரும், அதற்குள் நீங்கள் மலேசியாவில் இருப்பீர்கள். கோயிலுக்கும் அதுதான் இடம்: பத்துமலையில் 272 படி, பினாங்கில் தண்ணீர்மலை முருகன். தைப்பூசம் ஜனவரி கடைசியில் விழுகிற வருடமென்றால் நாட்களை நாலைந்து முன்பின் தள்ளி, அன்றைக்குப் பினாங்கில் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அறையை மட்டும் மாதங்களுக்கு முன்பே பிடிக்க வேண்டும்.

இனி விசா. சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவையில்லை, வழக்கமாக 30 நாள்வரை தருவார்கள். மலேசியாவுக்கு இ-விசா எடுத்தே போக வேண்டும். வியட்நாம் இ-விசா 90 நாள்வரை செல்லும், ஒருமுறை நுழைய 25 டொலர், பலமுறைக்கு 50. அதன் படிவத்தில் எந்த விமான நிலையத்தால் நுழைகிறீர்கள் என்று கேட்கிற கட்டத்தில் பலர் கவனமில்லாமல் எதையாவது தெரிவு செய்துவிடுகிறார்கள். எழுதிய வாசலால்தான் நுழையலாம். தாய்லாந்து 2024 ஜூலை 15இல் 60 நாள் விசா விலக்குப் பட்டியலில் இலங்கையையும் சேர்த்தது. அந்த நாட்டில் இந்த எண்ணிக்கை அடிக்கடி கூடிக் குறையும். டிக்கட்டுக்குக் காசு கட்டுகிற அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். அனுமதித்த நாளைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 500 பாத் அபராதம்.

தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுக்கும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு முந்திய 3 நாட்களுக்குள். மூன்றும் இலவசம். கூகிளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பல வேளை காசு பிடுங்கும் போலிப் பக்கங்கள். கடன் அட்டை இலக்கம் கேட்டால் மூடிவிடுங்கள்.

டிக்கட்டைக் கொழும்பு–பாங்கொக் போக, சிங்கப்பூர்–கொழும்பு வர என்று ஒரே பதிவில் போடுங்கள். பாங்கொக்கிலிருந்து வெளியேறும் டிக்கட் எங்கே என்று கட்டுநாயக்கவில் செக்-இன் மேசையிலேயே கேட்பார்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்பும் டிக்கட்டைக் காட்டினால் போதாது. பாங்கொக்–ஹோ சி மின் டிக்கட்டையும் அச்சடித்து வைத்திருங்கள். தாய்லாந்து வழியாக நம் பிள்ளைகளை மியன்மாரின் மோசடி முகாம்களுக்குக் கடத்திய பிறகு அதிகாரிகள் கூடுதலாகத்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்கவும் வேண்டும். விடுதிப் பதிவுச் சான்றிதழின் கொப்பி, வங்கிக்கூற்று, முதல் பத்து நாளுக்கான அறைப்பதிவு ஆகிய மூன்றும் கைப்பையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள். 60 நாளில் பதினைந்து ஊர் பார்க்கப் புறப்படாதீர்கள். ஊர் மாறுகிற நாள் பெட்டி கட்டுவதிலும் காத்திருப்பதிலும் போய்விடும். ஓர் ஊரில் குறைந்தது 5 இரவு தங்குங்கள். வாரக்கணக்கில் எடுத்தால் அறை வாடகையும் இறங்கும்.

நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வயது 66, 63. மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில். இரண்டு பேரையும் பார்த்துவர ஐந்தாறு மாதம் ஒதுக்கியிருக்கிறோம். எனக்கு நீரிழிவு, இன்சுலின் போடுகிறேன். கனடாவுக்கு சூப்பர் விசா எடுக்கச் சொல்கிறாள் மகள். முதலில் எங்கே போவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

ரீச்சர், சித்திரை வருடப்பிறப்பை வீட்டில் கொண்டாடிவிட்டு மே நடுப்பகுதியில் கனடாவுக்குப் புறப்படுங்கள். செப்டெம்பர் நடுப்பகுதிவரை மகளோடு இருந்துவிட்டு, திரும்பும் வழியில் லண்டனில் நாலு கிழமை. ஒக்டோபர் நடுப்பகுதியில், மாரி இறங்குமுன் ஊர் வந்துவிடலாம். பனிக்காலத்தில் ரொறன்ரோ போகிற பெற்றோர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பயணம் ஆஸ்பத்திரியில் முடியும். பேரப்பிள்ளைகளுக்கும் ஜூலை, ஓகஸ்டில்தான் பள்ளி விடுமுறை.

சூப்பர் விசா என்பது அங்கே பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகள் அப்படி இருந்தால் தாத்தா பாட்டிமாருக்கும் உரியது. ஒருமுறை போனால் 5 வருடம்வரை தொடர்ந்து இருக்கலாம். அதற்குரிய சுமையும் உண்டு: குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதி, கனடா அரசு அங்கீகரித்த வைத்தியரிடம் மருத்துவப் பரிசோதனை, மகளின் வருமானம் குடும்பத்தின் ஆள்தொகைக்கு ஏற்ற எல்லையைத் தாண்டுகிறது என்பதற்கு அவருடைய வரிக் கணிப்புக் கடிதம். அறுபது தாண்டிய, இன்சுலின் போடுகிற ஒருவருக்கு அந்தக் காப்புறுதிக் கட்டணம் சிறிய தொகையல்ல. சாதாரண வருகை விசாவில் போனாலே வழக்கமாக 6 மாதம் தருகிறார்கள். உங்களுக்குத் தேவை நாலு மாதம். மகளுக்கு அடுத்த வருடம் பிள்ளை பிறக்கப்போகிறது, ஒரு வருடத்துக்கு மேல் நிற்க வேண்டிவரும் என்றால் சூப்பர் விசா. இல்லாவிட்டால் சாதாரண விசாவே போதும் என்பது எங்கள் கருத்து. அதற்குக் கட்டணம் ஆளுக்கு 100 கனேடிய டொலர், கைரேகை, படப் பதிவுக்கு 85. கைரேகைக் கட்டணம் இருவருக்கும் சேர்த்து 170. அந்தக் கைரேகை 10 வருடத்துக்குச் செல்லும். சூப்பர் விசா இல்லையென்றாலும் பயணக் காப்புறுதி இல்லாமல் போகக்கூடாது. காப்புறுதிப் படிவத்தில் நீரிழிவை மறைத்தால், நாளைக்கு ஆஸ்பத்திரிப் பில்லைக் கட்ட மாட்டார்கள்.

முதலில் கனடா விசா, அது கையில் வந்த பிறகு பிரித்தானியா. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கடவுச்சீட்டு எங்கே நிற்கிறது என்ற குழப்பம் வரும். லண்டனில் விமானம் மாறுவதானாலே இலங்கையருக்கு இடைவழி விசா கேட்பார்கள். பாரிஸ், பிராங்க்பர்ட், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்களும் அப்படித்தான். செல்லுபடியான கனடா விசா கையிலிருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் மாறுகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இடைவழி விசா எடுக்காமல் மலிவு டிக்கட்டை முதலில் வாங்கிவிட்டு செக்-இன் மேசையில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். டோஹா, டுபாய் வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் லண்டனில் தங்கப்போவதால் எப்படியும் வருகை விசா எடுக்க வேண்டும். அது 6 மாதத்துக்கு வரும்.

பிரித்தானியாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் சேர்த்தால் வெளிநாட்டு வருகையாளரிடம் சாதாரணக் கட்டணத்தின் 150 சதவீதம் அறவிடுவார்கள். காப்புறுதி லண்டன் நாட்களையும் உள்ளடக்குகிறதா என்று பாருங்கள்.

மருந்துதான் முக்கியம். கிளினிக்கில் வழக்கமாகத் தருகிற அளவு உங்கள் பயணத்துக்குக் காணாது. புறப்பட இரண்டு மாதத்துக்கு முன்பே கிளினிக் வைத்தியரிடம் சொல்லி, மருந்துகளின் கம்பனிப் பெயரல்லாமல் மூலப் பெயர், அளவு, வேளை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வாங்குங்கள். மிச்சத்தை மருந்தகத்தில் வாங்கி, பெட்டியோடு கொண்டு போங்கள். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கறையில் உறைந்தால் பழுதாகிவிடும். ஊசியும் அந்தக் கடிதமும் அதோடு இருக்கட்டும்.

மகனுக்குக் கறிவேப்பிலை கொண்டுபோக ஆசை வரும். பச்சைக் கறிவேப்பிலை பிரித்தானியாவுக்குக் கூடாது, இறைச்சி, பால் வகைகளும் கூடாது. கனடாவில் இறங்கும்போது மிளகாய்த்தூள், கருவாடு உட்பட உணவுப் பொருள் எல்லாவற்றையும் படிவத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் மிஞ்சிப்போனால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் தண்டம்.

புறப்படுமுன் பிரதேச செயலகத்தில் ஓய்வூதியக்காரருக்கான அந்த வருட உயிர்வாழ் சான்றிதழ் வேலையை முடித்துவிடுங்கள். மே மாதம் போகிறவர்களுக்கு இது வசதி. வருடத் தொடக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் தூதரகத்துக்கு அலைய வேண்டிவரும்.

கடவுச்சீட்டு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இரண்டு மாதப் பயணம்தானே, போகலாமா?
– கிண்ணியா

போக முடியாது. பல நாடுகள் நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து 6 மாதம் கேட்கின்றன, விமான நிறுவனமே ஏற்றாது. புதுப்பித்துவிட்டு டிக்கட் போடுங்கள். உங்களுக்குக் கிட்டவுள்ள பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது, பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகம்வரை போக வேண்டியதில்லை. பழைய கடவுச்சீட்டில் செல்லுபடியான விசா இருந்தால் அதை எறியாமல் புதியதோடு சேர்த்துக் கொண்டு போங்கள்.

இன்னொன்று: கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு வரி இருக்கும். தகப்பன் பெயர் நமக்கு முன்னால் வருவதால் டிக்கட் போடுகிறவர்கள் இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள். எந்த வரியில் எது இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து டிக்கட்டிலும் விசாவிலும் வர வேண்டும். டிக்கட் வந்தவுடன் கடவுச்சீட்டை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். காசு கட்டிய பிறகு பெயர் திருத்தச் சில நிறுவனங்கள் புது டிக்கட் விலையே கேட்கின்றன.

நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து, இராமேஸ்வரத்தில் தொடங்கி காசிவரை, முடிந்தால் பத்ரிநாத், நேபாளம் பசுபதிநாதர் என்று நாற்பது நாள் யாத்திரை போக நினைத்திருக்கிறோம். வயல் வேலை கணக்குப்படி டிசம்பர், ஜனவரிதான் வசதி.
– தம்பலகாமம்

பத்ரிநாத்தை இந்த யாத்திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். கேதார்நாத்தும் பத்ரிநாத்தும் ஒக்டோபர் கடைசி, நவம்பரில் நடை சாத்தினால் ஏப்ரல், மே மாதத்தில்தான் திறக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டில்லி, காசிப் பக்கம் மூடுபனி. ரயில்கள் பல மணிநேரம் பிந்தும், விமானம் ரத்தாகும். வயதானவர்களை வைத்துக்கொண்டு இரவில் ரயில் மேடையில் குளிரில் நிற்பது கொடுமை. தைப்பொங்கலை வீட்டில் பொங்கிவிட்டுப் புறப்பட்டு, முதல் மூன்று கிழமை தமிழ்நாட்டில் செலவழித்து, பெப்ரவரி நடுப்பகுதியில் வடக்கே ஏறுங்கள். பனி விலகியிருக்கும், வெயிலும் ஏறியிராது. மகா சிவராத்திரிக்குக் காசியில் நிற்பதா வேண்டாமா என்பதை முன்பே தீர்மானியுங்கள். நடக்க முடியாதவர்கள் குழுவில் இருந்தால் சிவராத்திரியை ஒட்டிய மூன்று நாளைத் தவிர்ப்பது நல்லது.

இந்திய இ-விசாவில் 30 நாளுடையதை எடுக்காதீர்கள், நாற்பது நாளுக்குக் காணாது. ஒரு வருட விசா எடுத்தால் பலமுறை நுழையலாம், தொடர்ந்து 90 நாள்வரை நிற்கலாம். நேபாளம் போய் மறுபடி இந்தியாவுக்குள் வருவதற்கும் அதுதான் வேண்டும். காத்மண்டுவுக்கு விமானத்தில் போய் விமானத்திலேயே திரும்புங்கள். இ-விசா குறித்த சில வாசல்களில் மட்டுமே செல்லும் என்பதால் தரை எல்லையில் மாட்டிக்கொள்ளக்கூடும். சார்க் நாட்டவர் என்பதால் நேபாளத்தில் வருடத்தின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம்.

இந்திய ரயிலில் சாதாரண முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். வெளிநாட்டவருக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதை 365 நாளுக்கு முன்பே எடுக்கலாம். எல்லா ரயிலிலும் அது இல்லை, இருக்கிற ரயிலைப் பார்த்து நாளைப் பொருத்துங்கள். நாலு குடும்பம் சேர்ந்து போவதால் இதையும் பாருங்கள்.

கட்டுநாயக்கவுக்கு இறங்காமல் பலாலியிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ பறக்கலாம். வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போவது உங்களுக்குச் சுகம். சிறிய விமானம் என்பதால் பொதியின் அளவு குறைவு, திரும்பும்போது பித்தளை விளக்கு வாங்குகிறவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

பாரிஸில் அண்ணா, சுவிஸில் மாமா, ஜேர்மனியில் சித்தி. மூன்று மாதம் லீவு எடுத்துப் போகிறேன். யாருடைய நாட்டுக்கு விசா கேட்பது?
– தனியார் வங்கி ஊழியர், திருகோணமலை நகர்

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு. அண்ணாவிடம் 40, மாமாவிடம் 20, சித்தியிடம் 25 என்றால் பிரான்ஸ். இரவுகள் சமமென்றால் முதலில் நுழைகிற நாடு. மூன்றும் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். 180 நாளில் 90 நாள்தான் உச்சம், இறங்கும் நாளும் ஏறும் நாளும் அதில் சேரும். ஆகவே 85க்கு மேல் திட்டமிடாதீர்கள். கட்டணம் 90 யூரோ, காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, சிக்கலான கோப்புக்கு 45 நாள்வரை இழுக்கலாம்.

இளம் வயது, தனி ஆள், அங்கே சொந்தக்காரர், மூன்று மாதம். இந்த நாலும் சேர்ந்தால் திரும்பி வருவீர்களா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. விண்ணப்பிக்க ஒரு கிழமை முன் யாரோ போட்ட பெரிய தொகை கணக்கில் நின்றால் அதுவே நிராகரிக்கக் காரணமாகும். ஆறு மாதச் சம்பளம் ஒழுங்காக விழுந்த வங்கிக்கூற்று, எந்தத் திகதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிய லீவுக் கடிதம், நாளுக்கு நாள் எங்கே தங்குகிறீர்கள் என்ற ஒரு பக்க அட்டவணை ஆகியவற்றை வையுங்கள். முதல் தடவையாக விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் 45 நாள் கேளுங்கள். கிடைத்து, சொன்ன நாளில் திரும்பினால் அடுத்த முறை கேட்பது சுலபம்.

விமானம் 12ஆம் திகதி அதிகாலை 1.40க்கு. திருகோணமலையிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?
– மூதூர்

முதலில் திகதி. 12ஆம் திகதி அதிகாலை 1.40 என்றால் 11ஆம் திகதி இரவு 10.30க்கு நீங்கள் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். 12ஆம் திகதி இரவு போய் நிற்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சுமார் 250 கிலோமீற்றர், வாகனத்தில் ஆறு மணிநேரம் வையுங்கள். குருநாகலிலிருந்து கொழும்புப் பாதையைப் பிடிக்காமல் நாரம்மல, கிரிஉல்ல வழியாக நீர்கொழும்புப் பக்கம் இறங்கினால் நெரிசல் குறைவு. மாரி காலமென்றால் கந்தளாய்–ஹபரணைப் பாதையில் வெள்ளமும், இருட்டிய பிறகு யானையும் உண்டு. அந்தத் துண்டைப் பகலிலேயே கடக்கிற மாதிரி காலை 10 மணிக்குள் மூதூரை விட்டுவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் முதல்நாளே நீர்கொழும்பில் வந்து தங்குவது நல்லது.